கருமுட்டை வணிகமும் நம் மௌனமும்

2022-ஆம் ஆண்டு நம் ஈரோட்டில், 16 வயதுச் சிறுமியின் கருமுட்டைகளைப் பலமுறை எடுத்து விற்ற கொடுமை வெளிவந்தது. போலி ஆதார் அட்டையில் வயதைக் கூட்டியிருந்தனர். கைதானோரில் பெற்ற தாயும் ஒருவர். 'நம் சமுதாயத்தில் இப்படி நடக்காது' என்று நாம் கடந்து சென்றோம். அது தவறு.

சினைப்பை இயல்பாக மாதம் ஒரு முட்டையையே முதிரச் செய்கிறது. ஒரே நேரத்தில் பல முட்டைகள் வேண்டி ஹார்மோன் ஊசிகளை நாள்தோறும் செலுத்துகின்றனர். விளைவு எல்லை மீறினால் சினைப்பை வீங்கும், வயிற்றில் நீர் கோக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி, முட்டை தருபவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே முறைதான் தரலாம். மார்க்கமோ வம்சாவளியைக் காக்க, பிறர் முட்டையையே தடுக்கிறது. 1986-இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி அவ்வாறே தீர்மானித்தது.

இவற்றைப் பெண்பிள்ளைகளிடம் பேசுவது வெட்கக்கேடு என்போரிடம் கேட்கிறோம்: ஹைளின் சட்டங்களை மத்ரஸாவில் விளக்குகிறோமே, அந்தச் சுழற்சியை நடத்தும் சினைப்பையைப் பற்றி மட்டும் ஏன் வாய் மூடுகிறோம்? தன் உடலில் என்ன செய்கிறார்கள் என்று அறிந்த பிள்ளையால்தான், பெற்றவரே அநீதி இழைத்தாலும், உதவி கேட்க முடியும். உடல் அல்லாஹ்வின் அமானிதம். அமானிதத்தை அறியச் செய்யாமல் காக்கச் சொல்வது நியாயமன்று.