பூச்சில்லாச் சுவர்

ஒரு சுவர் செம்மையாக எழுந்துள்ளதா என்பதை அறிய, அதன்மேல் பூசியுள்ள சாந்தைப் பார்த்துப் பயனில்லை. பூச்சு எதனையும் மறைக்கும். வரிசை கோணிய கற்களை மறைக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சாந்து நிரம்பாத பொந்துகளை மறைக்கும். கூலியைக் குறைத்து ஆளை விரட்டி வேலை வாங்கிய ஒப்பந்தக்காரனின் பேராசையையும் சேர்த்தே மறைக்கும். இற்றைக் கட்டடத் தொழிலின் பெரும்பகுதி இப் பூச்சை நம்பியே நடக்கின்றது. பூச்சே வேண்டா என்று தள்ளி, கொத்தனின் கைத்திறத்தை ஊரறிய வெளியே காட்டியவர் ஒருவர் இருந்தார். அவர் தமிழரல்லர், இந்நாட்டிற் பிறந்தவரும் அல்லர். ஆயினும் அண்டை மலையாள நாட்டில் அவர் செய்து காட்டிய வேலை, கையால் உழைத்து வாழும் எவ்வினத்தாரும் எண்ணிப் பார்த்தற்கு உரியது.

இலாரி பேக்கர் 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரிற் பிறந்தவர்; அங்கேயே கட்டடக்கலை பயின்று 1937-இல் பட்டம் பெற்றவர். போரிற் கருவியேந்த மறுக்கும் குவேக்கர் பிரிவைச் சார்ந்தவராதலின், இரண்டாம் உலகப் போரின்போது சீனத்தில் மருத்துவத் தொண்டுக் குழுவொன்றிற் பணியாற்றினார். ஊர் திரும்பும் வழியிற் கப்பலுக்காக மும்பையிற் சில திங்கள் காத்திருக்க நேர்ந்தது. அங்குக் காந்தியடிகளைக் கண்டார். அப்போது அவர் அணிந்திருந்தது கழிதுணித் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த சீனத்துக் காலணி. காந்தியடிகளின் கண் முதலில் அக் காலணியின்மேல்தான் விழுந்தது என்பர். ஊரகத்து வீடு என்பது தன்னைச் சுற்றி ஐந்து கல் தொலைவிற்குட் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே கட்டப்படல் வேண்டும் என்னும் காந்தியடிகளின் கருத்து, பேக்கரின் வாழ்நாள் முழுமைக்கும் வழித்துணை ஆயிற்று.

1948-இல் எலிசபெத்து என்னும் மலையாள மருத்துவரை மணந்து, இமயமலைச் சாரலில் உள்ள பித்தோராகட்டில் 1963 வரை வாழ்ந்தார். மனைவியார் மருத்துவம் பார்த்தார். கணவர் வேண்டிய கட்டடங்களை எழுப்பினார். பர்மிங்காமிற் கற்ற பாடங்களுட் பல அங்குப் பயன்படவில்லை. மலைவாழ் மக்களோ தம் கல்லையும் மண்ணையும் மரத்தையும் சாணத்தையும் கொண்டு, குளிருக்கும் மலைச்சரிவுக்கும் ஏற்ப, வெளியாரிடம் ஒரு சொல்லும் கேளாமற் கட்டி வாழ்ந்துகொண்டிருந்தனர். பட்டம் பெற்ற கலைஞர் பட்டமறியாக் கொத்தரிடம் மாணவரானார். இதனைப் பெருந்தன்மை என்று புகழ்வது பிழை. அறிவு எங்கிருந்ததோ அங்குச் சென்று கற்றார், அவ்வளவே. அறிவு தாளில் மட்டுமே இருக்கும் என்று நம்புகின்றவர்களுக்குத்தான் இது புதுமையாகத் தோன்றும்.

பின்னர் வாகமண் மலையிற் சில ஆண்டுகள் தங்கி, 1970 அளவில் திருவனந்தபுரத்தில் நிலைத்தார். பலர் வரிசையாக அமர்ந்து படம் வரையும் பெரிய அலுவலகம் எதுவும் அவர்க்கு இருந்ததில்லை. நாலாஞ்சிறையிற் பாறைச் சரிவொன்றில் எழுப்பிய வீடே அவர்தம் தொழிற்கூடம். தமக்கு வந்த மடல்களின் உறைகளைப் பிரித்து அவற்றின் பின்புறத்தில் வரைவார். ஒப்பந்தக்காரரை இடையில் நிறுத்தாமல், தம்மொடு பழகித் தேர்ந்த கொத்தர்களைக் கொண்டே கட்டுவார். கட்டுமிடத்தில் அவர்களோடு நின்று, நிலத்தின் சரிவையும் காற்றின் போக்கையும் பார்த்துப் பல முடிபுகளை அங்கேயே எடுப்பார். வழியில் ஒரு மரம் நின்றால் மரம் வெட்டுப்படாது. சுவர் வளைந்து போகும். 1970-களின் தொடக்கத்தில், அச்சுத மேனன் முதலமைச்சராயிருந்தபோது, பொருளியலறிஞர் கே. என். இராசு முயன்று நிறுவிய வளர்ச்சியாய்வு நடுவத்தின் வளாகத்தைக் கட்டும் பொறுப்பு அவரிடம் வந்தது. உள்ளூர்க் குன்றொன்றின்மேல் மரங்களுக்கிடையே செங்கற் சுவர்கள் நெளிந்து செல்லும் அவ்வளாகத்தைப் பார்ப்பவர், படத்திற்காக நிலத்தை வெட்டித் திருத்தாமல் நிலத்திற்காகப் படத்தைத் திருத்திய கையை உணர்வர்.

அவர் கையாண்ட முறைகளுட் பெயர்பெற்றது எலிப்பொறிக் கட்டு. அவர் புதிதாகக் கண்டதன்று. இங்கிலாந்தில் முன்னரே வழங்கியதுதான். வழக்கமாகச் செங்கல்லைப் படுக்கவைத்து அடுக்குவர். இக் கட்டிற் கல்லை விளிம்பின்மேல் நிறுத்தி அடுக்குவர். சுவரின் இரு முகங்களிலும் கற்கள் நிற்கும். இடையிடையே குறுக்குக் கற்கள் அவற்றைப் பிணைக்கும். நடுவிற் பொள்ளல் விழும். சுவரின் பருமன் குறைவதில்லை. ஆனாற் கல்லில் ஏறத்தாழக் காற்பங்கு மிஞ்சும். பொள்ளலில் அடைபட்ட காற்று வெளிவெயிலின் சூட்டை உள்ளே எளிதில் விடாது.

செலவு குறைவது ஒருபுறம் இருக்க, இதனுள் வேறொரு செய்தியும் உண்டு. நிமிர்ந்து நிற்கும் கல்லின்மேற் சாந்து வைக்கும் இடம் குறுகியது. சாந்து பொள்ளலுக்குட் சிந்தாமல் வைத்தல் வேண்டும். கல்லின் நல்ல முகத்தைத் தேர்ந்து வெளிப்புறம் காட்டல் வேண்டும். வரிசை ஒன்று கோணினால் அக் கோணல் கட்டடம் நிற்கும் காலமெல்லாம் தெருவிற் போவோர் வருவோர் கண்ணிற் படும். மூடி மறைக்கப் பூச்சு வராது. எனவே கொத்தன் ஒவ்வொரு கல்லையும் கையிலெடுத்துப் பார்த்துத்தான் வைக்கவேண்டும். நாளொன்றுக்கு இத்தனை கல் என்று விரட்டும் இடத்தில் இக் கட்டு எழாது. கொத்தனைக் கருவியாகக் கருதுகின்றவனுக்குப் பூச்சு தேவை. அவனை அறிவுடையவனாகக் கருதுகின்றவனுக்குத் தேவையில்லை.

கூரையிலும் இதே நுட்பம் உண்டு. கற்காரைக் கூரையின் மேற்பகுதி அழுத்தத்தைத் தாங்குகின்றது. கீழ்ப்பகுதியில் எழும் இழுவிசையைத் தாங்குவது உள்ளே கிடக்கும் கம்பியே. அங்குள்ள கற்காரையிற் பெரும்பங்கு வெறும் சுமை. பேக்கர் அவ்விடத்திற் பழைய வீடுகளிற் கழித்த மங்களூர் ஓடுகளை ஒன்றன்மேலொன்றாகக் கவித்து வைத்து, கம்பிகள் செல்லும் இடைவெளிகளையும் மேற்பகுதியையும் மட்டும் கற்காரையால் நிரப்பினார். சிமிட்டி குறைந்தது, கூரையின் எடையும் குறைந்தது, ஓடுகளுக்கிடையே நின்ற காற்றால் வீட்டினுள் வெப்பமும் குறைந்தது. குப்பைமேட்டுக்குப் போகவேண்டிய ஓடு, அண்ணாந்து பார்த்தால் அழகாகத் தெரியும் கூரையாயிற்று.

சாளரங்களுக்கு மாறாகச் செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கிய துளைச்சுவர்களையே அவர் பெரிதும் விரும்பினார். மரச்சட்டமும் கம்பியும் கண்ணாடியும் இட்டுச் செய்யும் சாளரத்தின் விலை, அதே அளவுள்ள செங்கற்சுவரின் விலையைப் போற் பன்மடங்கு. துளைச்சுவரோ காற்றையும் ஒளியையும் விடும்; கள்வனை விடாது. திருவனந்தபுரம் தம்பானூரில் உள்ள இந்தியக் காப்பி நிலையம் இம்முறையில் எழுந்ததே. திருகுபோற் சுற்றிச் சுற்றி ஏறும் சரிவுத் தளத்தின் ஓரமாக, துளைகள் வழி ஒளி வீச, கட்டடத்தோடு கட்டடமாக எழுப்பிய இருக்கைகளில் எளிய மக்கள் அமர்ந்து உண்கின்றனர். கண்டே தீரவேண்டிய சாளரமாயின், சட்டமே இல்லாமல் ஒற்றைப் பலகையை மேலும் கீழும் இரு குழிகளில் நிறுத்திச் சுழலவிட்டார். இதனைப் புதுமை என்று வியப்பவர், தமிழ்நாட்டுப் பழைய வீடுகளின் குடுமிக் கதவை ஒருமுறை திறந்து பார்த்தல் வேண்டும். கீல் என்பது வருமுன்னர்க் கதவு குடுமியில்தான் சுழன்றது. அக் கதவு போனபோது குடுமி என்னும் சொல்லுக்கு இருந்த அப்பொருளும் பலர்க்கு மறந்துபோயிற்று. கரணை, மணியாசுக்கட்டை, தூக்குக்குண்டு, மூலைமட்டம் என்னும் சொற்கள் இன்னும் உயிரோடிருப்பது அகரமுதலிகளால் அன்று. அவற்றைக் கையிற் பிடிப்போர் இருப்பதால்தான். அத்தகையோரின் தலைவனையே மேத்திரி என்று போர்த்துக்கீசியச் சொல்லால் அழைக்கின்றார்கள் என்பது வேறு கதை.

இவ்வளவு பயனுள்ள முறை ஏன் ஊரெங்கும் பரவவில்லை? கரணியம் தெளிவானது. கட்டடக் கலைஞர்க்குரிய கட்டணம் பெரும்பாலும் மொத்தச் செலவில் இத்தனை விழுக்காடு என்றே கணக்கிடப்படுகின்றது. செலவைக் குறைப்பவன் தன் வருவாயைத் தானே குறைத்துக்கொள்கின்றான். பத்து நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வீட்டின் சிமிட்டியைக் குறைத்தால், அதற்குக் கிடைக்கும் பரிசு சிறுத்த கட்டணமே. ஒப்பந்தக்காரர் நிலையும் இதுவே. சிமிட்டியும் இரும்பும் விற்போரைப் பற்றிச் சொல்லவே வேண்டா. பேக்கரின் கட்டடங்களிற் பொருட்செலவு குறையக் குறைய, மொத்தச் செலவில் உழைப்போர் கைக்குச் செல்லும் பங்கு கூடியது. ஆலைப்பொருளுக்குக் கொடுத்த பணம் ஊரைவிட்டு வெளியேறும். கொத்தனுக்கும் தச்சனுக்கும் செங்கற் சூளைக்காரனுக்கும் கொடுத்த பணம் ஊர்க்கடையிலேயே செலவாகும். இந்தக் கணக்கை அவர் திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னார். கேட்டவர் சிலரே.

பணத்தினும் ஆழமான தடை ஒன்றும் உண்டு. கையால் வேலை செய்பவன் தாழ்ந்தவன், அவனை ஏவுபவன் உயர்ந்தவன் என்று பிறப்பையும் தொழிலையும் முடிச்சுப் போட்ட கொள்கை, இந்நாட்டுக் கல்லூரிகளிலும் புகுந்து அமர்ந்துள்ளது. ஐந்தாண்டு கட்டடக்கலை பயிலும் மாணவன், தன் கையால் ஒரு சுவரும் எழுப்பாமலே பட்டம் பெற்று வெளியேறலாம். சுண்ணாம்பு எத்தனை நாள் ஊறவேண்டும் என்பதை அவன் ஒரு கொத்தனிடம் கேட்க நாணுவான். கொத்தனும் தனக்குத் தெரிந்ததைச் சொல்ல அஞ்சி, காட்டிய படத்தின்படி கட்டிவிட்டுப் போவான். இருவர் அறிவும் ஒன்றுசேராமல் ஒரு வீடு எழுகின்றது, மழைக்காலத்தில் ஒழுகுகின்றது.

பேக்கரின் வழிக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றைத் தள்ளிவிடவும் இயலாது. கலைஞர் நாள்தோறும் கட்டுமிடத்தில் நிற்கவேண்டுமாயின் ஒருவர் எத்தனை வீடு கட்டமுடியும்? இலக்கக்கணக்கான குடும்பங்கள் வீடின்றி இருக்கையில், இத்தகைய மெதுவான கைவேலை போதுமா? ஒரு பெரியவரின் தனித்திறமை அவரோடு போய்விடாதா? இவை நேர்மையான கேள்விகள். இவற்றுக்கு விடையாகவே 1985-இல் அச்சுத மேனன், கே. என். இராசு, பேக்கர் முதலியோர் சேர்ந்து திரிச்சூரிற் 'காசுட்டுபோர்டு' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். அவ்வமைப்பின் வழி இம்முறை கேரளமெங்கும் சென்றது. பேக்கர் இல்லாத இடங்களிலும் எலிப்பொறிக் கட்டு எழுந்தது. செலவைக் குறைக்கும் வழிகளையும் மண்வீடு கட்டும் முறையையும், எவர்க்கும் விளங்குமாறு தம் கையாலேயே படம் போட்டுச் சிறு சிறு பொத்தகங்களாகவும் அவர் எழுதி வைத்தார். பரவ இயலாதது கைவேலையன்று. பரப்ப விரும்பாதவர் இருந்தனர் என்பதே உண்மை. எனினும் விரைவு பற்றிய கேள்வி முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. நல்ல கொத்தர் போதிய அளவு இல்லாத இடத்தில் எலிப்பொறிக் கட்டு வெறும் ஓட்டைச் சுவராகிவிடும் என்பதை மறுத்தற்கில்லை.

காலம் செய்த கேலி ஒன்றையும் குறிப்பிடல் வேண்டும். ஏழைக்கென்று பேக்கர் திறந்துவைத்த செங்கல், பின்னாட்களிற் செல்வர் வீட்டு ஒப்பனையாயிற்று. கற்காரையால் எழுப்பிய சுவரின்மேற் செங்கல் போன்ற வில்லைகளை ஒட்டி அழகு பார்க்கின்றனர். பூச்சை அகற்றிய மாந்தரின் பெயராற் செங்கல்லையே பூச்சாக்கிவிட்டனர்! மறுபுறம், ஏழையோ பூச்சில்லாச் சுவரை வறுமையின் அடையாளம் என்று நாணி, கடன் வாங்கியாவது சிமிட்டி பூசுகின்றான். பேக்கர் பேரன்பு கொண்டு செய்ததை ஏழையே முழு மனத்தோடு ஏற்கவில்லை என்பது கசப்பான செய்தி. அவனைக் குறைகூறிப் பயனில்லை. மதிப்பு எதனால் வரும் என்பதை அவனுக்குக் கற்பித்தவர் மேலிடத்தில் இருப்பவரே. செங்கல்லைச் சுடுவதற்கு எரியும் விறகை எண்ணிப் பேக்கரே பிற்காலத்தில் மண்சுவரை வலியுறுத்தலானார் என்பதும் நினைக்கத்தக்கது. தம் புகழுக்கு அடிப்படையாயிருந்த பொருளையே ஐயுறும் துணிவு எல்லார்க்கும் வாராது.

தமிழ்நாட்டிலும் அவர் கைபட்ட இடம் ஒன்று உண்டு. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பெற்ற தக்கிணசித்திரா வளாகத்தின் அமைப்பு அவர் வகுத்தது. தென்னாட்டுப் பழைய வீடுகளை அவை நின்ற ஊர்களிற் பிரித்தெடுத்துக் கொணர்ந்து அங்கு மீண்டும் நிறுத்தியுள்ளனர். செட்டிநாட்டு வீடு ஒன்றும் அவற்றுள் அடங்கும். அதே செட்டிநாட்டில் மற்ற வீடுகள் இடிபட்டு, அவற்றின் தூண்களும் கதவுகளும் காரைக்குடிக் கடைகளில் விலைபோகின்றன. தூணை வாங்குவார் உளர். அத் தூணைக் கடையத் தெரிந்த கையை வாங்குவார் இலர்.

பேக்கர் 2007 ஏப்பிரல் முதல் நாளன்று, 90 அகவை நிறைந்த நிலையில் மறைந்தார். அவர்க்குச் சிலை வைக்கவேண்டும் என்று கேட்பார் இருக்கலாம். கேட்கவேண்டியது அதுவன்று. தமிழ்நாட்டுக் கட்டடக்கலைக் கல்லூரி ஒவ்வொன்றிலும், முதலாண்டு மாணவர் அனைவரும் தேர்ந்த கொத்தர் ஒருவரின்கீழ் ஓர் அரையாண்டேனும் கரணை பிடித்துச் சுவர் எழுப்பல் வேண்டும். எழுப்பிய சுவரைப் பூசாமல் விட்டுவைத்தே மதிப்பெண் இடல் வேண்டும். வாழ்நாளெல்லாம் கல் சுமந்தும் கரணை பிடிக்க விடப்படாத சித்தாள் பெண்களுக்கும் அவ்வகுப்பில் இடம் தரல் வேண்டும். கற்பிக்கும் கொத்தர்க்குத் தருவது நாட்கூலியாக இருத்தல் ஆகாது. ஆசிரியர்க்குரிய சம்பளமாகவே இருத்தல் வேண்டும்.