அரைகுறையாக வந்தாலும் எச்சரிக்கை எச்சரிக்கைதான்

சிங்கப்பூர் பெருவிரைவு ரயில் சேவையின் அண்மைய வரலாற்றில் மறக்க முடியாத நாள் 2024 செப்டம்பர் 25. கிழக்கு-மேற்கு ரயில் தடத்தில் கோளாறு கண்ட ரயில் ஒன்று, பயணிகளை இறக்கிவிட்டு உலு பாண்டான் பணிமனைக்குச் சென்றுகொண்டிருந்தது. டோவர் நிலையத்துக்கு அருகே அதன் அச்சுப் பெட்டி ஒன்று கழன்று விழ, சக்கரங்கள் தண்டவாளத்தைவிட்டு விலகின. ரயில் தொடர்ந்து ஓடியதில் 2.55 கிலோமீட்டர் நீளத்துக்குத் தடம் சேதமடைந்தது.

ஜூரோங் ஈஸ்ட்டுக்கும் புவன விஸ்தாவுக்கும் இடையே ஆறு நாள்களுக்கு ரயில் ஓடவில்லை. ஏறத்தாழ 2.6 மில்லியன் பயணங்கள் பாதிக்கப்பட்டன. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வின் எழுத்துத் தேர்வுகள் மறுநாள்தான் தொடங்கின. ரயில் தடையால் தாமதமாக வரும் மாணவர்களுக்குத் தேர்வெழுத முழு நேரமும் தரப்படும் என்று அதிகாரிகள் அறிவிக்க வேண்டியதாயிற்று.

இந்தச் சம்பவத்தில் நம்மில் பலருக்கும் நினைவிருப்பது நெரிசலும் இணைப்புப் பேருந்துகளும்தான். ஆனால், குழுவாக வேலை செய்யும் எவருக்கும் பயன்படும் பாடம் அச்சுப் பெட்டி கழன்று விழுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

எண் இல்லாத எச்சரிக்கை

அச்சுப் பெட்டி சக்கரங்களை இணைக்கும் அச்சின் முனையைத் தாங்கி நிற்கிறது. அதன் உள்ளே இருக்கும் மசகுப் பொருள் கெட்டுப்போனால் உராய்வு கூடும், வெப்பம் ஏறும். அதைக் கண்டறியவே தடத்தின் ஓரத்தில் வெப்ப உணர்கருவிகள் பொருத்தப்பட்டுள்ளன.

அன்று அந்தக் கருவி தன் வேலையைச் செய்தது. அளவுக்கு மீறிய வெப்பத்தைப் பதிவுசெய்து எச்சரிக்கையும் அனுப்பியது. ஆனால், எந்த ரயில் என்பதைக் காட்டும் அடையாள எண் அதில் பதிவாகவில்லை. எண் இல்லாததால் அது கருவியின் பிழையாக இருக்கும் என்று கருதப்பட்டது. ரயில் உடனே நிறுத்தப்படவில்லை. விசாரணை அறிக்கைகள் 2025 ஜூன் மாதம் வெளியானபோதுதான் இந்த விவரம் பொதுமக்களுக்குத் தெரியவந்தது.

அந்த எச்சரிக்கையைப் பார்த்தவரைக் குறை கூறுவது எளிது. அவர் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். தகவல் அரைகுறையாக வருகிறது. கருவிகள் சில நேரம் தவறாகவும் ஒலிப்பதுண்டு. ஓடும் ரயிலை நிறுத்தினால் காலை நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் தாமதமாவார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் ‘இது பிழையாகத்தான் இருக்கும்’ என்ற முடிவு மனத்துக்கு நிம்மதி தருகிறது.

சிக்கல் இங்கேதான். ‘தகவல் முழுமையாக இருக்கிறதா?’ என்பது ஒரு கேள்வி. ‘தகவல் உண்மையாக இருந்தால் என்ன ஆகும்?’ என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்ததும் இரண்டாவது கேள்வியை நாம் கேட்காமலே விட்டுவிடுகிறோம். அந்த நேரத்தில் அவ்விடத்தைக் கடந்த ரயில் எது என்று தேடிப் பார்க்க ஆகும் செலவையும், தேடாமல் விட்டதால் ஏற்பட்ட ஆறு நாள் இழப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

விதி முன்கூட்டியே வேண்டும்

‘ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் நின்றால் எந்த வேலையும் நடக்காதே’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதனால்தான் இந்த முடிவைத் தனி ஒருவரின் தைரியத்துக்கு விட்டுவிடக் கூடாது. சந்தேகம் வந்தால் யார், யாரிடம், எவ்வளவு நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்பதை அமைதியான நேரத்திலேயே முடிவுசெய்து வைக்க வேண்டும்.

ஜப்பானின் டொயோட்டா கார் ஆலைகள் இதற்கு ஒரு வழி கண்டன. உற்பத்தி வரிசையில் நிற்கும் எந்த ஊழியரும் ஏதேனும் சரியில்லை என்று தோன்றினால் அருகில் உள்ள ‘ஆண்டன்’ கயிற்றை இழுக்கலாம். விளக்கு எரியும், குழுத் தலைவர் ஓடி வருவார். குறிப்பிட்ட நேரத்துக்குள் சிக்கல் தீர்ந்தால் வரிசை நிற்காமல் ஓடும். தீராவிட்டால் மட்டுமே நிற்கும். கயிற்றை இழுப்பவர் தன் சந்தேகத்தை நிரூபிக்கத் தேவையில்லை. சோதித்துப் பார்க்கும் பொறுப்பு தலைவருடையது.

‘ஒன்றும் ஆகவில்லையே’

விசாரணையில் இன்னொன்றும் வெளிப்பட்டது. அந்த வகை ரயில்களுக்கு 500,000 கிலோமீட்டர் ஓடியதும் முழுப் பராமரிப்பு செய்வது வழக்கம். அந்த இடைவெளி 575,000 ஆகவும் பின்னர் 750,000 ஆகவும் நீட்டிக்கப்பட்டது. நீட்டிப்பதற்கு முன் போதுமான பொறியியல் ஆய்வும் ஆபத்து மதிப்பீடும் செய்யப்படவில்லை என்று நிலப் போக்குவரத்து ஆணையம் கண்டறிந்தது. சம்பந்தப்பட்ட ரயில் முழுப் பராமரிப்பு இன்றி 690,000 கிலோமீட்டருக்குமேல் ஓடியிருந்தது.

இதுவும் நமக்குப் பழக்கமான கதைதான். ஒருமுறை தள்ளிப்போட்டோம், ஒன்றும் ஆகவில்லை. அந்த ‘ஒன்றும் ஆகவில்லை’ என்பதையே ஆதாரமாகக் கொண்டு மறுபடியும் தள்ளிப்போடுகிறோம். இதுவரை ஆபத்து நேரவில்லை என்பதும், இனி நேராது என்பதும் ஒன்றல்ல. காலக்கெடுவை நீட்டிப்பதில் தவறில்லை. ஆனால், நீட்டித்த பிறகும் நிலைமை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனையும் கூடவே வேண்டும்.

அதே சம்பவத்தில் நல்ல உதாரணமும் உண்டு. சேவையை செப்டம்பர் 30ஆம் தேதி மீண்டும் தொடங்கத் திட்டமிடப்பட்டது. மக்கள் பொறுமை இழந்துகொண்டிருந்தனர், செய்தியாளர்கள் காத்திருந்தனர். கடைசிக் கட்டச் சோதனையின்போது தண்டவாளத்தில் புதிதாக விரிசல் தென்பட்டது. சொன்ன தேதியைக் காப்பாற்ற அதை மூடி மறைக்கவில்லை. தாமதத்தை வெளிப்படையாக அறிவித்துவிட்டுப் பழுதுபார்ப்பைத் தொடர்ந்தனர். அக்டோபர் 1ஆம் தேதி ரயில் ஓடியது. அரைகுறை எச்சரிக்கை ஒதுக்கப்பட்ட அதே சம்பவத்தில், இந்த எச்சரிக்கை மதிக்கப்பட்டது.

உங்கள் குழுவில்

பள்ளியிலும் கல்லூரியிலும் நீங்கள் நடத்தும் நிகழ்ச்சிகளில் தண்டவாளம் உடையப்போவதில்லை. ஆனால், எண் இல்லாத எச்சரிக்கைகள் அங்கும் வரும். இணைப்பாட நடவடிக்கைக் குழு ஒன்று 120 பேருக்குத் தீபாவளி நிகழ்ச்சி ஏற்பாடு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். உணவு தருபவரிடமிருந்து ‘நேரத்தில் மாற்றம் உண்டு’ என்று குழு அரட்டையில் ஒரு செய்தி வருகிறது. எந்தத் தேதி, எந்த ஆர்டர் என்று அதில் இல்லை. எட்டுப் பேர் படிக்கிறார்கள். ‘வேறு யாருக்கோ அனுப்பியது போலும்’ என்று எட்டுப் பேரும் நினைக்கிறார்கள். நிகழ்ச்சி அன்று சாப்பாடு இரண்டு மணி நேரம் தாமதமாக வருகிறது. ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம் இது.

இதைத் தவிர்க்க மூன்று பழக்கங்கள் போதும். முதலாவது, சந்தேகம் எழுந்தால் அதைச் சரிபார்க்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமித்து, நேரமும் குறிப்பிடுங்கள். ‘யாராவது கேட்டுப் பாருங்கள்’ என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். இரண்டாவது, சந்தேகத்தை எழுப்பியவரிடம் முடிவைத் திருப்பிச் சொல்லுங்கள். சந்தேகம் தவறாக இருந்தாலும் நன்றி கூறுங்கள். கேலி செய்தால் அடுத்த முறை அவர் வாய் திறக்கமாட்டார். மூன்றாவது, எதையாவது தள்ளிப்போட்டால் காரணத்தையும் அடுத்த சோதனை நாளையும் எழுதி வையுங்கள்.

இச்சம்பவத்துக்காக எஸ்எம்ஆர்டி நிறுவனத்துக்கு முதலில் $3 மில்லியன் அபராதம் விதிக்க எண்ணிய ஆணையம், 2025 ஜூலையில் அதை $2.4 மில்லியனாக முடிவுசெய்தது. வேறு பல ரயில் தடைகளும் நேர்ந்ததை அடுத்து, 2025 செப்டம்பரில் ஆணையமும் இரண்டு ரயில் நிறுவனங்களும் இணைந்த பணிக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. புதிய கருவிகளும் கூடுதல் நிதியும் தேவைதான். ஆயினும், அன்று கருவி எச்சரிக்கை அனுப்பத்தான் செய்தது. எவ்வளவு நவீனமான கருவி வந்தாலும், அதன் எச்சரிக்கையைப் பார்க்கும் மனிதர் ‘இது உண்மையாக இருந்தால்?’ என்று கேட்க வேண்டியிருக்கும். அப்படிக் கேட்பவரை மதிக்கும் குழுவை அமைப்பதே தலைவரின் வேலை.