உடம்பு அவர்களுடையது, ஊசி கம்பெனிக்கா?

எய்ட்ஸ் கிருமி உடலில் தொற்றாமல் முன்கூட்டியே தடுக்கும் ஊசி வந்திருக்கிறது. பெயர் லெனகாபவிர். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போட்டுக்கொண்டால் போதும். தினமும் மாத்திரை விழுங்க வேண்டாம்; மாத்திரைப் புட்டியை வீட்டாருக்குத் தெரியாமல் ஒளித்து வைக்கவும் வேண்டாம்.

தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 5,000க்கு மேற்பட்ட இளம் பெண்கள் இதன் சோதனைக்கு முன்வந்தார்கள். இந்த ஊசி பெற்ற 2,134 பேரில் ஒருத்திக்குக்கூட நோய் தொற்றவில்லை என்று 2024இல் தெரிந்தது. விஞ்ஞானத்தின் மகத்தான வெற்றி! இதை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் ஊசியின் சொந்தக்காரன் யார்? கிலியட் என்ற அமெரிக்க ஏகபோகக் கம்பெனி. 2025 ஜூனில் அமெரிக்க சர்க்கார் அனுமதி தந்ததும் அங்கே அது வைத்த விலை வருஷத்துக்கு 28,218 டாலர்! ஏராளமாக உற்பத்தி செய்தால் லாபத்தையும் சேர்த்து 25 டாலருக்குத் தரலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள் லிவர்பூல் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள். ஆயிரம் மடங்குக்கு மேல் விலை! இது வியாபாரமா, பகற்கொள்ளையா?

"ஆராய்ச்சிக்குச் செலவு செய்தோம்" என்று கம்பெனியார் கண்ணீர் வடிக்கிறார்கள். இவர்களுடைய பழைய மாத்திரை ட்ரூவாடா நோயைத் தடுக்கும் என்று காட்டிய ஆராய்ச்சிக்குப் பெரும் பணம் கொடுத்தது அமெரிக்க ஜனங்களின் வரிப்பணம் அல்லவா? அதையே அந்த ஜனங்களிடம் மாதம் 2,000 டாலர் வரை விலை வைத்து விற்றவர்கள்தான் இவர்கள்.

2024 அக்டோபரில் ஆறு கம்பெனிகளுக்கு லைசென்ஸ் கொடுத்து, 120 நாடுகளில் மலிவாக விற்கலாம் என்றார்கள். தர்மப் பிரபுக்கள்! பிரேசில், அர்ஜென்டினா, மெக்ஸிகோ, பெரு அந்த ஜாபிதாவில் இல்லை. இரண்டாவது சோதனைக்கு உடம்பைக் கொடுத்தவர்களில் இந்த நாட்டாரும் உண்டு! உழுதவனுக்குக் களத்தில் பங்கில்லை என்னும் பண்ணையார் நியாயம் நம் கூலி விவசாயிகளுக்குப் புதிதல்ல.

மலிவாகச் செய்ய முடியுமா என்ற கேள்விக்கே இடமில்லை. ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டரோ கம்பெனிகளின் சரக்கு 2027 முதல் வருஷம் 40 டாலருக்குக் கிடைக்கும் என்று 2025 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. இந்தத் திறமை எப்படி வளர்ந்தது? மருந்துப் பொருளுக்குப் பேடண்ட் கிடையாது என்ற 1970ஆம் வருஷத்துச் சட்டத்தின் நிழலில் வளர்ந்தது. 2001இல் சிப்லா கம்பெனி எய்ட்ஸ் மருந்தை வருஷம் 350 டாலருக்குத் தர முன்வந்தது. மேல்நாட்டு விலையோ 10,000 டாலருக்கு மேல்! அந்தச் சட்டத்தை 2005இல் உலக வர்த்தக ஸ்தாபனத்துக்காகத் திருத்திவிட்டார்கள் நம் ஆட்சியாளர்கள்.

பேடண்டை மீறிக் கட்டாய லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரம் சர்க்கார்களுக்கு உண்டு. எஃபாவிரென்ஸ் மாத்திரை விஷயத்தில் 2007இல் பிரேசில் அதைத் துணிந்து பிரயோகித்தது. இந்த ஊசிக்கும் அதைப் பிரயோகிக்க வேண்டும் என்று கேட்கிறோம்.