மனைவி 'செல்வம்', கணவன் 'அதிகாரி'

பிறந்த ஆண்டு, மாதம், நாள், நேரம் ஆகியவற்றை எட்டு எழுத்துகளாக்கும் சீனத்துப் 'பாஸி' சோதிடம், காதலில் 'ஆற்றல்களின் பொருத்தம்' காண்பதாக இன்று விற்கப்படுகிறது. அதன் சொற்களோ வேறு கதை சொல்கின்றன. நாளின் மேலெழுத்தே ஒருவரின் தன்னெழுத்து. ஆணாயின், அதற்கு அடங்கும் கூறே மனைவி, பெயர் 'செல்வம்'. பெண்ணாயின், அதனை அடக்கும் கூறே கணவன், பெயர் 'அதிகாரி'. மரம் தன்னெழுத்தாய் அமைந்த ஆணுக்கு, மரம் அடக்கும் மண் மனைவி. அதே எழுத்துடைய பெண்ணுக்கு, மரத்தைப் பிளக்கும் உலோகம் கணவன்.

கலைச்சொல்லுக்கு அகராதிப் பொருள் காணலாகாது என்பர் ஆதரவாளர். சொல் தன் மூலப்பொருளை இழப்பதுண்டுதான், இங்கோ இழக்கவில்லை. நாவன்மைக்கும் கூர்மதிக்கும் உரிய கூறின் பெயரே 'அதிகாரியைப் புண்படுத்துவது'. பெண்ணின் சாதகத்தில் அது ஓங்கினால் மணவாழ்வு கெடும் என்பது மரபுத் தீர்ப்பு. (வாய்மொழித் தேர்வுக்கு ஆயத்தமாகும் ஆய்வாளப் பெண்கள் கவனிக்க.)

தீங்கற்ற பொழுதுபோக்கு என்போர் ஜப்பானின் 1966-ஐப் பார்க்கட்டும். இதே எழுத்துகளின் அறுபதாண்டுச் சுழற்சியில் அது 'நெருப்புக் குதிரை' ஆண்டு. அவ்வாண்டில் பிறக்கும் பெண் கணவனின் ஆயுளைக் குறைப்பாள் என்ற அச்சத்தால், முந்தைய ஆண்டு 2.14 ஆக இருந்த மொத்தக் கருவுறுதல் விகிதம் 1.58 ஆகச் சரிந்தது, 1967-இல் 2.23 ஆக ஏறியது.