பன்னிரண்டு பேர், ஒரு வான், ஆளில்லாத வயல்

லண்டனில் இருக்கிற பெரியம்மா மகள் போன மாசம் ஒரு பிடிஎஃப் அனுப்பினாங்க. அடுத்த செப்டெம்பரில் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கிட்டு இத்தாலியக் கிராமப்புறத்தில் ஏழு நாள் டூர். வர்றவங்க எல்லாரும் அங்கேயே பிறந்து வளர்ந்த நம்ம பிள்ளைகள். "நீ எழுதுறவதானே, தமிழில் ஒரு பக்கம் அழகா எழுதிக் குடு" என்றாங்க. உட்கார்ந்தேன், வரவில்லை. வந்தது இதுதான். அக்கா கோவிக்கலாம், பரவாயில்லை.

திட்டம் பார்க்க வடிவாத்தான் இருக்கு. புளோரன்ஸில் இறங்கி, சியேனா வழியாக வால் டோர்ச்சா பள்ளத்தாக்கு. சைப்பிரஸ் மரங்கள் வரிசையா நிற்கிற வளைவுப் பாதையில் போட்டோ. பழைய கல் வீட்டில் தங்கல். வைன் ருசி பார்த்தல். ஒரு காலை மட்டும் திராட்சை பறிக்கும் "அனுபவம்". மொத்தம் இருபத்தைந்து படம். பாஸ்தா சொல்லிக் குடுக்கிற ஒரு பாட்டியைத் தவிர, வேலை செய்கிற மனிசர் ஒருத்தர்கூட இல்லை. அவ்வளவு திராட்சையையும் யார் பறிக்கிறாங்க? அந்தப் புல்லை யார் வெட்டுறாங்க?

"நாங்க பெரிய பஸ்ஸில் போய் இறங்குற கூட்டமில்லை, சின்னக் குழு, பொறுப்பான பயணம்" என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கு. ஐம்பது பேர் மறைத்துப் பார்க்கிறதைப் பன்னிரண்டு பேர் மறைத்துப் பார்த்தால் அது பொறுப்பாகிடுமா?

சியேனாவில் பலாத்சோ புப்ளிக்கோ என்ற நகர மண்டபம் இருக்கு. திட்டத்தில் அதற்கு "வெளியே நின்று போட்டோ" என்று பத்து நிமிசம் போட்டிருக்காங்க. உள்ளே அம்புரோஜியோ லோரென்செத்தி 1338-39இல் வரைந்த சுவரோவியம் இருக்கு. நல்லாட்சியும் கெட்ட ஆட்சியும் நகரத்தையும் நாட்டுப்புறத்தையும் என்ன செய்யும் என்று காட்டுகிற ஓவியம். அதில் வருவது இதே சியேனாவின் கிராமப்புறம்தான். ஆனால் வயல் நிறைய ஆட்கள். உழுறாங்க, விதைக்கிறாங்க, சூடடிக்கிறாங்க. ஒருத்தன் பன்றியை ஓட்டிக்கிட்டு நகரத்துக்கு வர்றான். நகர வாசலில் இருந்து பணக்காரர்கள் குதிரையில் வேட்டைக்குக் கிளம்பிப் போறாங்க. எல்லாருக்கும் மேலே சிறகோடு 'பாதுகாப்பு' என்ற பெண் உருவம் பறக்குது. அவள் கையில் ஒரு தூக்குமரம், அதில் ஒருத்தன் தொங்குறான். இந்த அமைதி யாரை வைத்து, எதைக் காட்டி வந்தது என்பதை ஆளுகிறவர்களுக்காக வரைந்தவரே மறைக்கவில்லை. ஏறக்குறைய எழுநூறு வருசம் கழித்து நம்ம பிடிஎஃப் மறைக்குது. வேட்டைக்குப் போறவர்களின் குதிரை மட்டும் வானாக மாறியிருக்கு.

அந்தக் கல் வீடுகளின் கதையையும் கேளுங்க. அதில் பெரும்பாலானவை வாரத்துக்குப் பயிர் செய்த குடும்பங்களின் வீடுகள். அந்த முறைக்கு மெத்சாத்ரியா என்று பெயர். நிலமும் வீடும் முதலாளிக்கு, உழைப்பு குடும்பத்துக்கு, விளைச்சலில் பாதி முதலாளிக்கு. அதற்கு மேல் முட்டையும் கோழியும் கொண்டுபோய்க் குடுக்கணும். வீட்டில் ஒரு கல்யாணம் என்றாலும் முதலாளியின் அனுமதி வேணும். கீழே மாட்டுத் தொழுவம், மேலே மனிசர். இப்போ அந்தத் தொழுவம்தான் "பழமை மாறாத வரவேற்பறை". இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு போராடித்தான் அவங்க பங்கு 53 வீதமாச்சு. 1964இல் வந்த சட்டம் புதிய வார ஒப்பந்தங்களைத் தடை செய்தது. அதற்குள் சனம் கூட்டம் கூட்டமாக நகரத்துத் தொழிற்சாலைகளுக்குப் போயிட்டுது. காலியான வீடுகளைத்தான் நகரத்துக்காரரும் வெளிநாட்டுக்காரரும் வாங்கினாங்க.

அந்த சைப்பிரஸ் பாதை? "காலங்காலமாக மாறாத காட்சி" என்று போட்டிருக்காங்க. 1920களில் லா ஃபோச்சே பண்ணையை வாங்கிய ஒரிகோ தம்பதியின் காலத்தில் உருவான பாதை அது. பண்ணைக்காரர் விரும்பிய அழகு, கூலிக்காரர் கையால் வந்தது. 2004இல் யுனெஸ்கோ வால் டோர்ச்சாவை உலக மரபுரிமையாக அறிவித்தது. மரபைப் பார்க்கலாம், உரியவங்களை எங்கே பார்க்கிறது?

பழைய கதை என்று விட்டுடவும் முடியாது. இன்று இத்தாலியின் வயல்களில் இந்தியா, ருமேனியா, மொரோக்கோ, அல்பேனியா, செனகல் என்று பல நாட்டு ஆட்கள் வேலை செய்றாங்க. அவர்களைச் சேர்த்து, வானில் ஏற்றி, கூலியில் பங்கு எடுக்கிற ஆளுக்கு அங்கே கப்போராலே என்று பெயர். நமக்குப் பழகின சொல் கங்காணி. 2015 ஜூலையில் பூலியாவில் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த 49 வயதுப் பெண் ஒருவர் அங்கேயே விழுந்து இறந்தார். நாடே கொந்தளித்தது. 2016இல் கங்காணியை மட்டுமில்லாமல் முதலாளியையும் தண்டிக்கிற சட்டம் வந்தது. வந்தும், 2024 ஜூனில் ரோமுக்குத் தெற்கே லத்தினாவில் இந்தியத் தொழிலாளி ஒருவரின் கை இயந்திரத்தில் சிக்கித் துண்டாச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வீட்டு வாசலில் போட்டுட்டுப் போனாங்க. வெட்டுப்பட்ட கையைப் பழப்பெட்டியில் வைத்துவிட்டு. இரண்டு நாளில் அவர் இறந்துட்டார்.

அக்கா, நமக்கு ஒரே பாட்டிதான். அவங்க கொழுந்து பறித்த மலையில் துரை பங்களா இப்போ ஹோட்டல். அங்கே வர்றவங்க தேயிலை மலையைப் பார்த்து "எவ்வளவு அமைதி" என்று சொல்லிட்டுப் போறாங்க. லயத்துப் பக்கம் வான் திரும்புறதே இல்லை. பெரிய கங்காணி தலைக்காசு வாங்கின கதையைப் பாட்டி சொல்லித்தானே நாம இரண்டு பேரும் வளர்ந்தோம்? நமக்குச் செய்ததை நாமே இன்னொருத்தருக்குச் செய்யலாமா?

"லீவில் போறவங்களுக்கு ஏன் இதெல்லாம்?" என்று கேட்பீங்க. "டூரிஸ்ட் வராட்டி அந்தக் கிராமங்கள் செத்திடும்" என்றும் சொல்வீங்க. இரண்டாவது உண்மைதான். விவசாயி நிலத்தை விட்டுப் போகாமல் இருக்கத்தான் 1985இல் அக்ரித்துரிஸ்மோ சட்டமே வந்தது. அந்தப் பெயரில் விருந்தாளிகளைத் தங்க வைக்கிற இடத்தில் விவசாயம்தான் முதல் தொழிலாக இருக்கணும். அதனால் போகாதீங்க என்று சொல்லவில்லை. திட்டத்தை மாத்துங்க என்றுதான் சொல்றேன்.

சியேனாவில் வெளியே நிற்கிற பத்து நிமிசத்தை உள்ளே ஒரு மணித்தியாலமாக்குங்க. தெற்கே போற வழியில் புவோன்கொன்வெந்தோ ஊரில் மெத்சாத்ரியாவுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கு, அரை நாள் குடுங்க. கல் வீட்டை புக் பண்ண முதல் இரண்டு கேள்வி கேளுங்க: இங்கே இப்பவும் விவசாயம் நடக்குதா? அறுவடைக்கு வர்றவங்களை நேரடியா எடுக்கிறீங்களா, இடையில் யாரும் இருக்காங்களா? பதில் சொல்லத் தயங்கினால் வேறு வீடு பாருங்க. "திராட்சை அனுபவத்தை" எடுத்துட்டு, விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர் ஒருத்தரோட ஒரு மாலை உட்கார்ந்து கதையுங்க. ஐம்பது பேர் பஸ்ஸால் இது முடியாது. பன்னிரண்டு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காரலாம். சின்னக் குழுவால் வேறு என்ன பிரயோசனம்?

இத்தாலிக்கே போகாதவ கதைக்கிறா என்று சிரிப்பீங்க. விசாவுக்குக் காட்ட என் பேங்க் புக்கில் காசில்லை, அது உண்மை. ஆனால் அந்த வயலில் யாரைத் தேடிப் பார்க்கணும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். திட்டத்தை மாத்தி அனுப்புங்க, தமிழில் நானே எழுதித் தர்றேன்.