மூட்டை தூக்கியவர் கோப்பை தூக்கிய கதை!

பந்தலூர் பக்கம் 'குழி' என்றால் பெரியவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது தங்கம்தான். 1880-களின் தொடக்கத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தேவாலா, பந்தலூர் மலைகளைத் தங்கத்துக்காகக் குடைந்து தள்ளின. லண்டனில் பங்குகள் பறந்தன. கிடைத்த தங்கமோ செலவுக்கே காணவில்லை. சில வருடங்களில் கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். தோண்டிய குழிகள் மட்டும் இன்னும் புதருக்குள் வாயைத் திறந்தபடி கிடக்கின்றன.

அதே வெள்ளைக்காரர்கள் நீலகிரியின் உச்சியில் வேறு வகைக் குழிகளையும் வெட்டினார்கள். ஒவ்வொன்றும் நாலேகால் அங்குல அகலம். மொத்தம் 18.

பந்தலூரில் பஸ் ஏறி, கூடலூரில் மாறி, நடுவட்டம் ஏறி, பைக்காரா தாண்டி ஊட்டிக்குள் நுழைகிறபோது, பிங்கர்போஸ்ட் பக்கம் சோலை மரங்களுக்கு நடுவே மேடும் பள்ளமுமாக ஒரு பச்சை விரிப்பு தெரியும். ஊட்டி ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் மைதானம் அது. குன்னூர் பக்கம் வெலிங்டனில் இன்னொன்று இருக்கிறது. கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போகும் பந்தலூர்க்காரர் அதை பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. அந்த விரிப்பின் மேல் கால் வைத்தவர் அபூர்வம்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஊட்டியில் அடிக்கிற பந்து சென்னையில் அடிப்பதைவிட அதிக தூரம் போகும். 7,000 அடிக்கு மேல் காற்று லேசாகிவிடுவதால், பந்தைப் பிடித்து இழுக்கிற தடை குறைகிறது. கிண்டியில் 200 கஜம் போகும் அடி, இங்கே 215 கஜத்தைத் தொட்டுவிடும். புதிதாக வருகிறவர் தன் கை வலிமை கூடிவிட்டதாக நினைத்துக்கொண்டு இறங்கிப் போவார்.

சரி, இப்போது டெல்லிக்கு வருவோம்.

2025 அக்டோபர் 16 முதல் 19 வரை டெல்லி கோல்ஃப் கிளப்பில் டிபி வேர்ல்டு இந்தியா சாம்பியன்ஷிப் நடந்தது. இந்திய மண்ணில் இப்படி ஒரு கூட்டம் இதற்கு முன் கூடியதில்லை என்றே சொல்லலாம். அந்த ஆண்டு ஏப்ரலில் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்று, நான்கு பெரிய பட்டங்களையும் கைப்பற்றியவர்கள் வரிசையில் சேர்ந்த ரோரி மெக்கல்ராய் வந்தார். செப்டம்பரில் அமெரிக்க மண்ணிலேயே ரைடர் கோப்பையை வென்ற ஐரோப்பிய அணியின் டாமி ஃபிளீட்வுட், ஷேன் லவ்ரி, விக்டர் ஹோவ்லண்ட், கேப்டன் லூக் டொனால்டு எல்லாரும் வந்தார்கள். மொத்தப் பரிசு 40 லட்சம் டாலர். நம் கணக்கில் சுமார் 35 கோடி ரூபாய்.

மைதானம் எப்படிப்பட்டது என்றால், சுற்றிலும் முகலாயர் காலத்துக் கல்லறை மாடங்கள். குறுக்கே மயில் நடக்கும். பந்து போகும் பாதையின் இரு பக்கமும் அடர்ந்த முட்புதர். பந்து அங்கே போய்விட்டால் தேடிக்கொண்டிருப்பதைவிடத் தலையில் துண்டைப் போட்டுக்கொள்வது மேல். மிக நீளமாக அடிக்கும் 'டிரைவர்' மட்டைக்குப் பேர்போன மெக்கல்ராய், இந்த வாரம் அதைத் தொடப்போவதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். பலம் இருக்கிறது என்பதற்காக அதைக் காட்டியே ஆக வேண்டும் என்று இல்லையே!

கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் தீபாவளி. ஜப்பானின் கெய்ட்டா நகாஜிமா இரண்டு ஸ்ட்ரோக் முன்னிலையில் இருந்தார். அதற்கு முந்தைய ஆண்டு இந்தியன் ஓப்பன் வென்றவர் அவர்தான். ஃபிளீட்வுட் அன்றைக்கு 65 அடித்து, மொத்தம் 22 அண்டர் பார் என்ற கணக்கில் அவரைத் தாண்டிப்போனார். கோல்ஃப் பார்க்காதவர்களுக்கு ஒரு வரி விளக்கம்: ஒரு சுற்றை இத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்று வைத்திருக்கும் கணக்குதான் 'பார்'. நான்கு நாளில் அதைவிட எத்தனை அடி குறைத்தார் என்பதுதான் பேச்சு. குறைவாக அடித்தவரே ஜெயித்தவர்.

ஃபிளீட்வுட்டின் எட்டு வயது மகனுக்கு ஓர் ஏக்கம் இருந்தது. அப்பா ஜெயித்ததும் 18-ஆவது குழி அருகே ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க வேண்டும். ஒருமுறைகூட அது வாய்க்கவில்லை. ஆகஸ்ட்டில் அமெரிக்காவில் அப்பா பெரிய பட்டம் வென்றபோதும் பையன் பக்கத்தில் இல்லை. டெல்லியில் இருந்தான். ஓடினான்.

இதெல்லாம் மேடை வெளிச்சம். கொஞ்சம் இருட்டுப் பக்கமும் பார்க்க வேண்டும்.

இந்த ஆட்டத்தில் சம்பளம் கிடையாது. விமான டிக்கெட், ஓட்டல், பயிற்சியாளர், எல்லாம் ஆட்டக்காரர் பொறுப்பு. முதல் இரண்டு நாள் முடிந்ததும் 'கட்' என்று ஒரு கோடு விழும். வழக்கமாக சுமார் 65 பேர் அதற்குள் வருவார்கள். கோட்டுக்கு வெளியே நின்றவருக்குப் பரிசு பூஜ்யம். ஜெயித்தவருக்கு மொத்தத்தில் சுமார் 17 சதவீதம். டெல்லியில் அது 6 கோடி ரூபாயை ஒட்டி வந்தது. அந்த 6 கோடிக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே ஒரு வெள்ளிக்கிழமை மாலையும், குழியின் விளிம்பில் நின்றுவிட்ட ஒரு பந்தும் இருக்கலாம்.

அந்தக் கூட்டத்தில் இந்தியர்கள் நிறையப் பேர் ஆடினார்கள். முதல் 25 இடங்களுக்குள் ஒருவர் பெயரும் இல்லை. சொந்த மைதானம், பழகிய புல், பழகிய புதர். இருந்தும் இல்லை.

ஏன் இது உறுத்துகிறது என்றால், அதே மைதானத்தின் பழைய கதை வேறு மாதிரி என்பதால்தான்.

இந்தியன் ஓப்பன் 1964-ல் தொடங்கியது. சிரிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி, பந்தலூர் பக்கத்து டேன்டீ லைன் வீடுகளுக்கு இலங்கையிலிருந்து குடும்பங்கள் வந்திறங்கக் காரணமான அதே வருடம். போட்டி தொடங்கத் தூண்டுகோலாக இருந்த ஆஸ்திரேலியர் பீட்டர் தாம்சனே முதல் கோப்பையையும் வாங்கிப் போனார். அடுத்த வருடம் பில்லு சேத்தி வென்றார். அவர் பொழுதுபோக்குக்கு ஆடியவர். ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்ட ஓர் இந்தியர் ஜெயிக்க 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் அலி ஷெர். அதே டெல்லி கிளப்பில் கேடியாக இருந்தவர்.

நம்மூரில் 'கேடி' என்றால் போலீஸ் ஸ்டேஷன் நோட்டில் பெயர் உள்ளவர். கோல்ஃபில் கேடி என்றால் ஆட்டக்காரரின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடப்பவர். நான்கைந்து மணி நேரம், மேடு பள்ளம், வெயில் மழை. தொழில்முறை ஆட்டக்காரரின் பை 20 கிலோவைத் தொடும். தோட்டத்தில் கொழுந்து மூட்டையை எடை போடும் இடம் வரை சுமக்கிற பந்தலூர்ப் பெண்களுக்கு இந்தக் கனத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அலி ஷெர் 1993-லும் ஜெயித்தார். பிறகு எஸ்.எஸ்.பி. சௌராசியா. கொல்கத்தா ராயல் கிளப்பில் புல் பராமரித்தவரின் மகன். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்த்துப் பார்த்தே கற்றார். 2008 பிப்ரவரியில் டெல்லி கோல்ஃப் கிளப்பில் இந்தியன் மாஸ்டர்ஸ் நடந்தது. தென்னாப்பிரிக்காவின் எர்னி எல்ஸ் உட்பட வெளிநாட்டுப் பெரிய தலைகள் வந்திருந்தார்கள். கோப்பை சௌராசியாவுக்கு! இந்தியன் ஓப்பனில் பலமுறை இரண்டாவதாக வந்து மனம் வெந்தவர், 2016, 2017 என்று அடுத்தடுத்து அதையும் வென்றார்.

பெங்களூரின் முனியப்பா கதை இன்னும் நெருக்கம். கூலித் தொழிலாளர் குடும்பம். கர்நாடகா கோல்ஃப் சங்க மைதானத்தில் பை தூக்கினார். 2009 இந்தியன் ஓப்பனில் கொரியாவின் லீ சங்கோடு சமநிலை, பிளே-ஆஃபில் ஜெயித்தார். அவருக்குப் பின்னால் சிக்கரங்கப்பா. பிடதி அருகே ஈகிள்டன் மைதானத்துப் பக்கத்துக் கிராமத்துப் பையன். பெற்றோருக்கு அந்த மைதானத்திலேயே வேலை. ஒரு பயிற்சியாளர் அவன் அடிப்பதைக் கவனித்துக் கைதூக்கிவிட்டார்.

இந்த நால்வரும் பணத்தால் உள்ளே வரவில்லை. வேலைக்கு வந்த வாசல் வழியாக ஆட்டத்துக்குள் வந்தார்கள். கிளப் மூடியிருக்கும் நாளில் ஊழியர்களை ஆட விடுகிற பழக்கம் பல ஊர்களில் உண்டு. அந்த ஒரு நாள்தான் இவர்களைப் போன்றவர்களுக்குப் பள்ளிக்கூடம்.

இப்போது அந்த வாசல் சிறுத்துவருகிறது. வீடியோ பயிற்சி, ரேடார் வைத்துப் பந்தை அளக்கும் கருவி, வெளிநாட்டு முகாம் என்று செலவு எங்கேயோ போய்விட்டது. தேய்ந்த மட்டையை ஓசியில் வாங்கி ஆடும் பையன் இந்தக் கூட்டத்தில் எங்கே நிற்பான்? 35 கோடி ரூபாய்ப் போட்டி வருவது பெருமைதான். அது வந்துபோன பிறகு அடுத்த சௌராசியாவுக்கு என்ன மிச்சம் வைத்தது என்பதைக் கேட்காமல் இருக்க முடியாது.

நிலம் என்று ஒரு கேள்வியும் இருக்கிறது. 18 குழி மைதானத்துக்கு 100 ஏக்கருக்கு மேல் வேண்டும். பந்தலூர், கூடலூர் பகுதியில் 1969 ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 'பிரிவு 17' என்றால் குழந்தைக்கும் தெரியும். அரை ஏக்கருக்குப் பட்டா இல்லாமல் இரண்டு, மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள். 2024-ல் ஊட்டி குதிரைப் பந்தய மைதானத்தின் 52 ஏக்கரை அரசு திரும்ப எடுத்துக்கொண்டபோது, மலையில் பலரும் பேசிக்கொண்டது இந்த ஏற்றத்தாழ்வைத்தான். கோல்ஃப் மைதானங்களை மூட வேண்டும் என்பதல்ல வாதம். சோலையை ஒட்டிய அந்தப் புல்வெளிக்கும் ஓர் அழகு உண்டு. ஆனால் வாரத்தில் ஒரு காலை, தோட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்காக அங்கே ஒரு கேட் திறந்தால் புல் ஒன்றும் வாடிவிடாது. மேட்டில் ஓடிப் பழகிய கால்களும், இரண்டு கையாலும் கொழுந்து எடுக்கிற பெற்றோரின் கை லாகவமும் இந்த மலையில் ஏற்கெனவே இருக்கின்றன.

ஆட்டம் வீட்டுக்குள் எப்படி வரும் என்பதற்கு ஒரு சமீபத்திய சாட்சி உண்டு. 2021 ஆகஸ்ட்டில், டோக்கியோ ஒலிம்பிக்கின் கடைசி நாள் கோல்ஃபுக்காக, 'பர்டி' என்றால் என்ன என்று தெரியாதவர்கள்கூட அதிகாலையிலேயே டிவி முன் உட்கார்ந்தார்கள். பெங்களூர்ப் பெண் அதிதி அசோக் பதக்க வரிசையில் இருந்தார். கடைசிக் குழியில் அடித்த பந்து உள்ளே விழவில்லை. ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் வெண்கலம் நழுவி, நான்காவது இடம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அவருடைய பையைத் தூக்கியவர் அப்பா. டோக்கியோவின் வெயிலில், நான்கு நாளும் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலேயே நடந்தவர் அம்மா.