எழுதுகோலைத் தேர்வதும் எழுத்தைக் காப்பதும்

கணினியில் எழுதத் தொடங்குகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, எந்தச் சொற்செயலி நல்லது என்பதே. இதற்குக் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் வசதியைப் பற்றியும் தோற்றத்தைப் பற்றியுமே அமைகின்றன. ஒருவருக்கு மைக்ரோசாஃப்ட் வேர்டு கைப்பழக்கம். இன்னொருவருக்கு லிபரே ஆஃபிஸ் விலையின்றிக் கிடைப்பதால் பிடிக்கிறது. மூன்றாமவர் கூகுள் டாக்ஸ் போதும் என்கிறார். இவை யாவும் நியாயமான காரணங்கள்தாம். ஆனால் தமிழில் எழுதுகிறவர் இவற்றுக்கு முன்பாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு என்பது என் கருத்து. நான் எழுதியது எந்த வடிவில் சேமிக்கப்படுகிறது? இருபது ஆண்டுகள் கழித்து அதை இன்னொருவர் திறந்து படிக்க முடியுமா?

ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் தம் நாவல்களை டாஸ் இயங்குதளத்தில், வேர்டுஸ்டார் 4.0 என்னும் பழைய செயலியில் எழுதுவதாக 2014ஆம் ஆண்டில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சொன்னபோது பலரும் வியந்தனர். வேர்டுஸ்டார் முதன்முதலில் வெளிவந்தது 1978இல். தாம் அடித்த சொல்லைத் தாமாகத் திருத்த முற்படாத கருவியே தமக்கு வேண்டும் என்பது அவர் வாதம். அவருடைய பிடிவாதத்தை நாம் ரசிக்கலாம், பின்பற்ற இயலாது. ஆங்கில எழுத்துகளுக்கான எண்கள் 1960களிலேயே ஆஸ்கி என்ற பெயரில் ஒரு பொது ஒழுங்குக்கு வந்துவிட்டன. ஆகவே வேர்டுஸ்டார் கோப்பை இன்று வேறு செயலியில் திறந்தாலும், இடையிடையே சில குறிகள் தடுமாறுமே தவிர, வாக்கியம் வாக்கியமாகவே நிற்கும்.

நம் நிலை வேறு. 1990களிலும் அதற்குப் பின் பல ஆண்டுகளும் தமிழ்க் கோப்புகள் எழுத்துருவை நம்பி வாழ்ந்தன. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால் திரையில் தெரிவது அம்மாதான். கோப்பில் பதிவதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகள். எழுத்துரு காணாமற்போனால் அம்மாவும் காணாமற்போவாள். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத் திஸ்கி என்னும் குறியாக்கத்தை இணைய ஆர்வலர்கள் உருவாக்கினர். 1999இல் சென்னையில் கூடிய தமிழ்நெட்99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு தாம், தாப் ஆகிய குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1991இல், யூனிகோடு தரத்தின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. எனினும் விண்டோஸ் 2000 வந்த பிறகே பொதுப் பயனர் கணினிகளுக்கு அது எட்டத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்ட சிறுகதைகளும் கட்டுரைகளும் எத்தனையோ குறுந்தகடுகளில் இன்று எவராலும் படிக்கப்படாமல் கிடக்கின்றன. அவை கறையானால் அரிக்கப்படவில்லை. பொருத்தமற்ற வடிவில் சேமிக்கப்பட்டன, அவ்வளவே.

எனவே ஒரு சொற்செயலியை விரும்பித் தேர்வதற்கு முன் அதை மூன்று வகையில் சோதிக்கலாம்.

முதலாவது, தேடல். 'கௌரவம்' என்ற சொல்லை ஔகாரக் குறியிட்டும் அடிக்கலாம். கொம்புக்குப் பின் ளகரத்தை இட்டும் அடிக்கலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றே. கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்ட கோப்புகளில் இந்தப் பிழை மலிந்திருக்கும். ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. இது செயலியின் குற்றமன்று. எனினும் கண்டுபிடித்து மாற்றும் வசதி செம்மையாக இருக்கும் செயலியில் ஒரே மூச்சில் இதைச் சீர்செய்துவிடலாம்.

இரண்டாவது, அகரவரிசை. யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்து, பகரத்துக்கு முன்பாகவே வந்துவிடுகிறது. நம் நெடுங்கணக்கிலோ அது மெய்களின் கடைசி எழுத்து. எண் வரிசையை மட்டும் பார்த்து அடுக்கும் செயலியில் சொல்லடைவு தயாரிப்பவர் பாடு திண்டாட்டம். மொழியறிந்து வரிசைப்படுத்தும் செயலியே ஆய்வு நூல் எழுதுவோருக்கு ஏற்றது.

மூன்றாவதும் முதன்மையானதும், கோப்பின் வடிவம். ஓடிஎஃப் வடிவம் 2006இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. வேர்டின் டாக்ஸெக்ஸ் வடிவத்தின் தரம் 2008இல் வந்தது. இரண்டும் சுருக்கிக் கட்டிய பொட்டலங்கள். செயலியே இல்லாமற்போனாலும் பொட்டலத்தை அவிழ்த்து உள்ளிருக்கும் எழுத்தை மீட்கலாம். இவற்றினும் எளியது, யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் அமைந்த வெற்று உரைக் கோப்பு.

என் தேர்வைச் சொல்லிவிடுகிறேன். முதற்படியை வெற்று உரைத் தொகுப்பானில் எழுதுவதே நன்று. அங்கே எழுத்துருவின் அளவு, பத்தியின் ஓரம், சிவப்புக் கோடு எதுவும் கவனத்தைச் சிதறடிப்பதில்லை. அதிலும் தமிழில் சிவப்புக் கோடு பெருந்தொல்லை. வேற்றுமை உருபும் சந்தியும் சேர்ந்து ஒரே வேர்ச்சொல் நூற்றுக்கணக்கான வடிவங்கொள்ளும் மொழியில், அகராதிப் பட்டியலை வைத்துப் பிழை காட்டும் கருவி சரியான சொல்லையும் ஐயுறும். நூலாக வளரும்போது லிபரே ஆஃபிஸ் ரைட்டர். தலைப்பு, அடிக்குறிப்பு, பொருளடக்கம் என நூலுக்கு வேண்டியவை அனைத்தும் அதில் உள்ளன. 2010இல் ஓப்பன் ஆஃபிஸிலிருந்து பிரிந்து வந்த நாள்முதல் திறமூலமாகவே இருப்பதால், ஒரு நிறுவனத்தின் விலைப்பட்டியலை நம்பி என் எழுத்து வாழ வேண்டியதில்லை.

பதிப்பாசிரியர்கள் வேர்டுக் கோப்பைத்தானே கேட்கிறார்கள் என்று நண்பர்கள் மறுக்கக்கூடும். உண்மைதான். திருத்தங்களைச் சுவடு தெரியக் குறித்துப் பரிமாறிக்கொள்வதில் வேர்டு தேர்ந்த கருவி என்பதையும் மறுப்பதற்கில்லை. அனுப்பும் வேளையில் அவ்வடிவுக்கு மாற்றிக்கொள்ளலாம். மூலப்படி நம்மிடம் திறந்த வடிவில் இருக்கட்டும். இன்றும் சில அச்சகங்கள் பழைய பேஜ்மேக்கர் வழக்கப்படி எழுத்துருக் குறியாக்கத்தில் கோப்புக் கேட்கின்றன. அதற்கும் மாற்றிகள் உள்ளன. ஆனால் அச்சகத்தின் வசதிக்காக எழுத்தாளர் தம் ஒரே பிரதியைப் பழைய சிறைக்குள் அடைக்க வேண்டியதில்லை. இன்டிசைன் 2012ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே தமிழ் யூனிகோடு எழுத்தைக் கையாளத் தொடங்கிவிட்டது.

ஓலைச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர்களின் கதையை நாம் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறோம். அவர்களுக்குக் கிடைத்த ஏட்டில், சிதைந்த இடம் போக எஞ்சியதையேனும் படிக்க முடிந்தது. நம் கோப்புகளோ சிதையாமலேயே படிக்க முடியாதவையாகும் வல்லமை பெற்றவை. ஆகவே எந்தச் செயலி பிடித்திருந்தாலும் அதிலேயே எழுதுங்கள். ஆனால் ஒவ்வொரு படைப்பையும் முடித்ததும் யூனிகோடில், வெற்று உரையாக, ஒரு படி எடுத்து வையுங்கள். பழைய எழுத்துருக் கோப்புகள் கைவசம் இருப்பவர்கள், மாற்றிகள் எளிதாகக் கிடைக்கும் இக்காலத்திலேயே அவற்றை மாற்றிக்கொள்வது நலம்.